மதுரையில் விடுப்பு உரிமை: ஆலைச் சங்கு முதல் ஜவுளிக்கடை வரை

தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை நாள் விடுப்பு உண்டு என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அவர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலையா, கடையா, பேருந்தா, தேயிலைத் தோட்டமா என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்தச் சட்டங்கள் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. 1881 தொடங்கி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அவற்றின் வரலாற்றை மதுரை நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் மையமாக வைத்து இக்கட்டுரை சொல்கிறது.

இதை எழுதத் தூண்டியவர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை இறந்ததால் ஊருக்குப் போய் ஆறு நாள் கழித்துத் திரும்பியவருக்கு அந்த ஆறு நாள் சம்பளமும் பிடிக்கப்பட்டது. "சட்டத்துல எங்களுக்கு எத்தன நாள் லீவு சார்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்திய எனக்கு விடை தெரியவில்லை. ஆண்டுதோறும் மே மாதம் முழுவதும் சம்பளத்துடன் வீட்டில் இருந்தவனுக்கு அதைத் தேடிப் பார்க்கவும் தோன்றியதில்லை. பிறகு தேடியதில், அவர் கேட்ட கேள்விக்கான விடை 1947 முதல் சட்டப் புத்தகத்தில் இருப்பது தெரிந்தது.

விடுமுறையும் விடுப்பும்

இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. விடுமுறை என்பது எல்லோருக்கும் பொதுவாக வேலை நிறுத்தப்படும் நாள். ஞாயிற்றுக்கிழமை, குடியரசு நாள், பொங்கல் போன்றவை. விடுப்பு என்பது வேலை நடக்கும் நாளில் ஒருவர் தனியாக எடுத்துக்கொள்வது. பேச்சு வழக்கில் இரண்டையும் 'லீவு' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு பிரிவுகளில், சில நேரம் வெவ்வேறு சட்டங்களிலேயே இருக்கின்றன. "ஞாயிறு லீவு விடுகிறோமே, அப்புறம் என்ன தனியாக லீவு?" என்று முதலாளி கேட்பதும், தொழிலாளி பதில் தெரியாமல் நிற்பதும் இந்தக் குழப்பத்தால்தான். வார விடுமுறை கொடுத்துவிட்டதால் ஆண்டு விடுப்பு தீர்ந்துவிடாது.

விடுப்பிலும் வகைகள் உண்டு. வேலை செய்த நாள்களுக்கு ஈடாகச் சேர்வது ஈட்டிய விடுப்பு. திடீர்த் தேவைக்கு எடுப்பது தற்செயல் விடுப்பு. உடல்நலக் குறைவுக்கு மருத்துவ விடுப்பு. பிள்ளைப்பேற்றுக்கு மகப்பேறு விடுப்பு.

ஆலைக்கு முன்பு

மதுரையின் பழைய தொழில்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற கணக்கு கிடையாது. தச்சர், கொல்லர், பொற்கொல்லர் அமாவாசையன்று பட்டறையை மூடுவார்கள். தறி நெய்தவர்களுக்குத் திருவிழாவும் மழையும் ஓய்வைத் தீர்மானித்தன. வயல் வேலையில் அறுவடை முடிந்த பிறகு தானாகவே ஓய்வு வந்தது. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆனால் எந்த நாளில் வேலைக்குப் போகக் கூடாது என்பதைப் பெரும்பாலும் ஊரும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்தன.

நீராவி இயந்திரத்துடன் வந்த பஞ்சாலை இதை மாற்றியது. சங்கு ஊதும்போது உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால்தான் இயந்திரம் ஓடும். ஓய்வு நாள் என்பது கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக மாறியது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்த கதை

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881 இல் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும் பொருந்திய அது, குழந்தைத் தொழிலாளர்களுக்கு மாதம் 4 நாள் விடுமுறை தந்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். 1890 இல் அங்குள்ள ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டே, 1891 இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் ஆலைகள் வரை இறங்கி வந்து, எல்லாத் தொழிலாளருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றது.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காக விடுமுறை வந்துவிடவில்லை. இதற்குத் தென்தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தார் நடத்திய கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களுக்காகப் பேசினர். கோரிக்கைகள் மூன்று: கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள். 1891 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆன பின்னும் வார விடுமுறையைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாடநூல்களில் இந்த வேலைநிறுத்தம் சுதேசி இயக்கத்தின் ஒரு நிகழ்ச்சியாகவே வருகிறது. கப்பல் விட்ட கதைக்குப் பக்கத்தில் இது சிறு பத்தியாகச் சுருங்கிவிடுகிறது. விடுப்பு உரிமைக்காகத் தமிழ்நாட்டில் நடந்த தொடக்ககாலப் போராட்டங்களில் முக்கியமானது என்ற வகையில் அது தனியாகப் படிக்கத் தக்கது.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அடுத்த சில நாள்களிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தவர் அதன் பிறகு கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

மதுரையும் ஹார்வி மில்லும்

அதே ஹார்வி சகோதரர்களின் ஆலைதான் 1892 இல் மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே இயங்கத் தொடங்கியது. ஆவணங்களில் மதுரா மில்ஸ் என்று இருந்தாலும், மதுரைக்காரர்களுக்கு அது என்றும் ஹார்வி மில்தான். 1974 இல் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆன பிறகும் முதியவர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். திருப்பரங்குன்றம் அருகே தொழிலாளர் குடியிருப்பாக உருவான ஹார்விபட்டி அந்தப் பெயரை இன்றும் காத்து வருகிறது. பின்னர் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் மீனாட்சி மில் உள்ளிட்ட ஆலைகளும் வந்தன. நகரைச் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சங்கின் ஓசைக்கு எழுந்து நடந்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் மதுரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியதால் 'ரோசாப்பூ துரை' என்று இப்பகுதி மக்கள் அழைத்தவர் இவரே. அவர் முன்னின்ற தொடக்கப் போராட்டங்கள் கூலி உயர்வையும் வேலை நேரக் குறைப்பையும் பெற்றுத் தந்தன. ஆலை உரிமையாளர்களும் அதிகாரிகளும் கைகோத்ததில் அந்தச் சங்கம் நிலைக்காமல் போயிற்று.

உலக அளவிலும் அப்போது மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921 இல் தொழில்துறைக்கான வார ஓய்வு உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா 1923 இல் அதை ஏற்றது. 1922 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் அதை 54 ஆக்கியது. 1936 இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்புப் பெற்றனர். அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஓராண்டுப் பணிக்குப் பின் குறைந்தது 6 வேலை நாள் சம்பள விடுப்பு என்ற உடன்படிக்கையை நிறைவேற்றியது.

இங்கே அந்தக் காலம் வரை வார ஓய்வு மட்டும்தான் சட்டம். மற்றபடி ஆலையை விட்டு ஊருக்குப் போனால் கூலி போகும். சில நேரம் இடமும் போகும். அறுவடைக்கும், கல்யாணத்துக்கும், குலதெய்வக் கோயில் களரிக்கும் தொழிலாளி ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. அவர் போன இடத்தில் நிற்பதற்காக ஆலை வாசலில் காத்திருந்தவர்கள் பதிலித் தொழிலாளர்கள். ஒருவருடைய விடுப்பு இன்னொருவருடைய ஒரு நாள் கூலி. 1929 முதல் 1931 வரை இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம், ஆலைத் தொழிலாளி தன் கிராமத்துடன் கொண்டிருக்கும் தொடர்பை அறுக்க வேண்டாம், அதை ஒழுங்குபடுத்தினால் போதும் என்ற கருத்தைக் கொண்டிருந்தது. என் பார்வையில் ஆண்டு விடுப்பு என்ற எண்ணத்துக்கு இந்திய மண்ணில் வேர் இதுதான். ஐரோப்பியத் தொழிலாளி கடற்கரைக்குப் போவதற்கு விடுப்புக் கேட்டார். நம்மவர் ஊருக்குப் போவதற்குக் கேட்டார்.

சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு முதன்முதலில் சட்டமானது 1945 இல். அந்த ஆண்டில் தொழிற்சாலைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் 12 மாதம் தொடர்ந்து பணியாற்றிய பெரியவர்களுக்கு 10 நாள், குழந்தைகளுக்கு 14 நாள் என்று நிர்ணயித்தது. வார விடுமுறை சட்டமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு வந்த அடுத்த அடி இது.

240 நாள் கணக்கு

விடுதலைக்குப் பின் வந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலை வாரத்தை 48 மணி நேரமாக்கியது. அதன் 52 ஆம் பிரிவு வார விடுமுறையைச் சொல்கிறது. ஞாயிறன்று வேலை வாங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாள்களுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும். எப்படி மாற்றினாலும் முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

ஆண்டு விடுப்பைச் சொல்வது 79 ஆம் பிரிவு. 1954 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் கணக்கு இப்படி அமைந்தது: ஒரு நாட்காட்டி ஆண்டில் 240 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. 240 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள். 280 நாள் என்றால் 14 நாள். மீதி அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாகக் கொள்ள வேண்டும். ஆகவே 290 நாளுக்கு 15. விடுப்புக்கு நடுவிலோ தொடக்கத்திலோ முடிவிலோ வரும் வார விடுமுறையையும் பண்டிகை விடுமுறையையும் விடுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். ஓராண்டுக்குரிய விடுப்பை மூன்று தவணைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாது. 15 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

240 என்ற எண்ணை எட்டுவதில்தான் சிக்கல். ஆட்குறைப்பு இல்லாமல் வேலை மட்டும் நிறுத்தப்படும் நாள்கள், 12 வாரத்துக்கு உட்பட்ட மகப்பேறு விடுப்பு நாள்கள், முந்தைய ஆண்டில் ஈட்டி இந்த ஆண்டில் எடுத்த விடுப்பு நாள்கள் ஆகியவற்றை 240 ஐ எட்டுவதற்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாள்களுக்கு 20 க்கு 1 என்ற கணக்கில் விடுப்புச் சேராது. நிரந்தரத் தொழிலாளி இந்த எண்ணிக்கையை எளிதாகக் கடந்துவிடுவார். மற்றவர்கள் வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும் பதிலிக்கு அது எட்டாத எண். ஆண்டில் 230 நாள் நூல் முடிச்சுப் போட்டவருக்குப் பணியில் இருக்கும் வரை ஒரு நாள்கூடச் சேராது. வேலையை விட்டால், நீக்கப்பட்டால், இறந்தால் மட்டும், 240 நாள் ஆகாவிட்டாலும் அதுவரை வேலை செய்த நாள்களின் விகிதத்தில் விடுப்புச் சம்பளம் தர வேண்டும் என்பது பிற்காலத் திருத்தத்தில் வந்த சலுகை.

இன்னொரு பொதுவான தவறான எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தில் தற்செயல் விடுப்பும் இல்லை, மருத்துவ விடுப்பும் இல்லை. ஆலைகளில் 'சி.எல்.' என்று தரப்படுவது நிலையாணைகளாலோ, சங்கம் போட்ட ஒப்பந்தத்தாலோ, நிறுவன வழக்கத்தாலோ வந்தது. அதனால்தான் சங்கம் வலுவாக இருந்த பழைய மதுரை ஆலைகளுக்கும், சங்கமே இல்லாத புதிய நூற்பாலைகளுக்கும் இடையே விடுப்பில் அவ்வளவு வேறுபாடு.

அந்தப் புதிய நூற்பாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களுக்குப் பின் திண்டுக்கல் முதல் கோவை வரை பெருகிய பல நூற்பாலைகளில் கிராமத்து இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு ஆலை விடுதியிலேயே தங்க வைக்கப்பட்டனர். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தரப்படும் என்பதால் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வந்தது. பயிற்சியாளர் என்ற பெயரில் பதிவு செய்யப்பட்டதால் விடுப்பு உரிமைகள் அவர்களைச் சேரவில்லை. ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஊருக்கு அனுப்பப்பட்டனர். அதிக நாள் தங்கிவிட்டால் இறுதித் தொகைக்கே ஆபத்து. பதிலித் தொழிலாளியின் பழைய கதை வேறு உடையில் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றியது.

பேருந்துத் தொழிலாளர்களுக்கு 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும், மேகமலை போன்ற தோட்டப் பகுதிகளுக்கு 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஏறத்தாழ இதே 20 க்கு 1 கணக்கைத் தந்தன.

கடை ஊழியருக்கான சட்டம்

மதுரையின் அடையாளம் ஆலை என்றால் இன்னோர் அடையாளம் கடைவீதி. கீழமாசி வீதியின் பலசரக்கு மண்டிகள், விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைகள், டவுன் ஹால் ரோடு, நகைக்கடைகள் என ஆலைகளை விடப் பழைய வணிகம் இங்கே உண்டு. கடைச் சிப்பந்திக்கு நெடுங்காலம் எந்தச் சட்டமும் இல்லை. பல கடைகளில் முதலாளி வீட்டுச் சாப்பாடு, கடையிலேயே படுக்கை, தீபாவளிக்கு வேட்டி துண்டு. நேரம் என்று ஒன்று கிடையாது. விடுப்பு முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

1947 ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இந்த உலகத்துக்குள் நுழைந்தது. இப்போது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று வழங்கும் இது, கடை, அலுவலகம், தனியார் நிறுவனம் என்று தொழிற்சாலையல்லாத பெரும்பாலான பணியிடங்களைத் தழுவுகிறது. கணினி நிறுவன ஊழியரும் கீழமாசி வீதிக் கணக்குப்பிள்ளையும் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

அதன் 25 ஆம் பிரிவுதான் என் மாணவர் கேட்டதற்கு விடை. ஒரே நிறுவனத்தில் 12 மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு. இதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இதற்கு மேல், பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரையிலும், நியாயமான வேறு எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் வரையிலும் சம்பளத்துடன் விடுப்பு. மூன்றையும் கூட்டினால் 36 நாள். தந்தையின் இறப்பு நியாயமான காரணம் இல்லையென்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்த ஆண்டில் அவர் வேறு விடுப்பே எடுத்திருக்கவில்லை. ஆறு நாள் சம்பளமும் அவருக்குச் சேர வேண்டியதே.

கடைக்கு வாரத்தில் ஒரு நாள் முழு அடைப்பு, ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என்பதும் இதே சட்டம். அந்த நாளுக்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது. 2019 இல் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டபோது அடைப்பு நாள் போயிற்று. ஊழியரின் வார விடுமுறை போகவில்லை. சுழற்சி முறையில் அது தரப்பட வேண்டும். கடை திறந்திருப்பதும் ஊழியர் வேலையில் இருப்பதும் வேறு வேறு என்பது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை.

2021 இல் இச்சட்டத்துக்கு வந்த திருத்தம் விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஆண்டுக்கு 36 நாள் விடுப்புக்கு வழி செய்த சட்டம், நாள் முழுதும் நிற்பவருக்கு ஒரு நாற்காலி தருவதற்கு 74 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள்

தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு 1958 இல் தனிச் சட்டம் வந்தது: தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம். தொழிற்சாலை, கடை, உணவகம், தோட்டம் எல்லாவற்றுக்கும் இது பொது. இன்றுள்ள வடிவில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், பண்டிகைகளுக்காக 5 நாளும், ஆக 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் மாற்று விடுமுறை. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது ஊழியரின் உரிமை.

ஐந்து பண்டிகை நாள்கள் எவை என்று சட்டம் சொல்லவில்லை. நிர்வாகத்தையும் ஊழியர்களையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். மதுரைக்காரருக்கு இது சிறிய செய்தி அன்று. சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடப்படும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்த அறிவிப்பிலேயே, இது செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டது அல்ல என்ற ஒரு வரி இருக்கும். தனியார் நிறுவனத்தை இந்த அறிவிப்பு தானாகக் கட்டுப்படுத்தாது. அழகர் இறங்கும் நாள் அந்நிறுவனத்தின் ஐந்து நாள் பட்டியலில் இருந்தால் மட்டுமே ஊழியருக்கு அது உரிமை. தலைமை அலுவலகம் வேறு ஊரில் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பெரும்பாலும் அங்கேயே தயாராகி வரும். கலந்து பேசும் நேரத்தில் ஊழியர்கள் வாய் திறந்தால்தான் சித்திரைத் திருவிழா அதில் ஏறும்.

சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் போன்ற நாள்களில் தொழிலாளர் துறையினர் கடைகளையும் உணவகங்களையும் ஆய்வு செய்து, விடுமுறையோ மாற்று விடுமுறையோ தராத நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்ததாக மறுநாள் நாளிதழின் மதுரைப் பக்கத்தில் செய்தி வருவதைப் பார்த்திருக்கலாம். அந்த ஆய்வு நடப்பது இந்த 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். இவை தவிர, தேர்தல் வாக்குப்பதிவு நாளும் வாக்காளரான ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை. இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு.

நோயும் பிள்ளைப்பேறும்

ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவ விடுப்பு இல்லாத குறையை ஓரளவு ஈடு செய்வது 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்கள் இதில் வருவார்கள். உரிய காலத்தில் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். இதைத் தருவது காப்பீட்டுக் கழகம், முதலாளி அல்லர்.

மகப்பேற்றுக்குச் சென்னை மாகாணத்தில் 1934 இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961 இல் 12 வாரம் தந்தது. 2017 ஏப்ரல் முதல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். பேற்றுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம். பிள்ளை பெற்ற பின் ஆறு வாரத்துக்கு அந்தப் பெண்ணிடம் வேலை வாங்குவதே குற்றம்.

180 நாள்

பழைய மத்தியச் சட்டங்களைத் தொகுத்து 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. தொழிற்சாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஆகியவை பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச் சூழல் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு மாறவில்லை. 240 என்ற தகுதி எண் 180 ஆகக் குறைந்துள்ளது. 30 நாளுக்கு மேல் சேரும் விடுப்பைப் பணமாகக் கேட்டுப் பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது. ஆண்டில் 230 நாள் வேலை செய்து ஒன்றும் பெறாத அந்தப் பதிலித் தொழிலாளிக்குப் புதிய கணக்கில் 11.5, அதாவது முழு எண்ணாக்கினால் 12 நாள் வரும். தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் வேறு பல காரணங்களுக்காக எதிர்க்கின்றன. அந்த விவாதத்தில் இந்த ஒரு மாற்றம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கடைகள் சட்டமும் 1958 ஆம் ஆண்டு விடுமுறைகள் சட்டமும் மாநிலச் சட்டங்கள் என்பதால் தொடர்கின்றன. ஆகவே மதுரையில் ஜவுளிக்கடை ஊழியருக்கு வார விடுமுறை 52, தேசிய, பண்டிகை விடுமுறை 9, விடுப்பு 36, ஆக 97 நாள். ஆண்டு முழுவதும் தவறாமல் வேலைக்கு வந்த தொழிற்சாலை ஊழியருக்கு 52, 9, 15 என 76 நாள். 12 மாதம் நிறைவு செய்யாத புதிய கடை ஊழியருக்கு ஆண்டு விடுப்பு 12 கழியும். மற்ற 24 உண்டு.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த மாணவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையில் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, உடன் வேலை பார்க்கும் நான்கு பேர் அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டுப் பண்டிகைப் பட்டியலில் அழகர் இறங்கும் நாளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்றும் விசாரித்தார்.